முப்பத்துநாலாவது மீட்டர்

அந்தப் பெட்டிய மட்டும் நகட்டாதீங்க தம்பி. அங்கனயே இருக்கட்டும். உங்க பைய இந்தப் பக்கம் வைங்க, எடம் நெறைய கெடக்கு. உடையுற சாமான்லாம் இல்ல. ஆபீஸ் சாமான். செருப்பை சீட்டுக்கு அடியில தள்ளி விட்டுருங்க, இல்லேன்னா போறவன் வாறவன்லாம் மிதிச்சுட்டுப் போவான். ம், இப்பம் சரி. உக்காருங்க.

எதுவரைக்கும்? தென்காசியா! அட, நம்ம பக்கம்லா. எனக்கு அம்பாசமுத்திரம். பேரு ஆவுடையப்பன். முப்பத்தோரு வருசம் வடக்க வேலை, போன மாசத்தோட ரிட்டயர்டு. என்ன வேலைன்னு சொன்னா நம்ப மாட்டிய. பனிமலைக்கு ஸ்கேன் எடுக்க வேலை.

சிரிக்கிய பாத்தியளா. நெசமாத்தான் சொல்லுதேன். வயித்துப் புள்ளைக்கு ஸ்கேன் எடுக்காங்கள்லா, அதே கணக்குத்தான். மலை இடுக்குல பனி உறைஞ்சு ஆறு மாதிரி நீளமாக் கெடக்கும். பனியாறும்பாங்க. ஹெலிகாப்டருக்கு அடியில ஆண்டெனாவைக் கட்டிக்கிட்டு அதுக்கு மேலேயே பறக்கணும். ரேடார் அலை கீழ போகும். பனியோட மேல்தளத்துல பட்டுக் கொஞ்சம் திரும்பி வரும், மிச்சம் உள்ள இறங்கும். உள்ள வருசத்துக்கு ஒரு அடுக்குப் பனி, நடுவுல கோடைத் தூசி. அடுக்குக்கு அடுக்கு பட்டுக் கொஞ்சங்கொஞ்சமா திரும்பி வரும். அத வச்சு ஸ்கிரீன்ல கோடு கோடாப் படம் விழும். பரோட்டாவப் பிச்சுப் பாத்த மாதிரி இருக்கும்.

அதுல நான் பறக்குற பிரிவுக்கு இன்சார்ஜ். படம் படிக்க விஞ்ஞானி இருக்காங்க, ஓட்ட பைலட் இருக்காரு. இவங்க ரெண்டு பேரும் ஒழுங்கா இருக்காங்களான்னு பாக்க ஒரு ஆள் வேணும்லா, அதுதான் நான். எங்களுக்குப் புரொஃபார்மான்னு ஒரு தாள் உண்டு. பதினாலு கட்டம். ஏழாவது கட்டம் பறக்குற உயரம். அறுபது மீட்டர்.

அறுபது எங்கேருந்து வந்துச்சுன்னா, அது ஒரு கதை. எங்க டைரக்டர் டாக்டர் நீலமேகத்துக்கு அந்த வருசம் மணிவிழா. "என்ன உயரம் போடலாம் ஆவுடையப்பன்?"ன்னு கேட்டார். அம்பதும் போடலாம், எழுவதும் போடலாம்னு விஞ்ஞானிங்க எழுதிக் கொடுத்திருந்தாங்க. நான்தான் சொன்னேன், "அறுபதே இருக்கட்டும் சார், ராசியா இருக்கும்"னு. மனுசன் சிரிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டார். பொறவு அது விதி. விதின்னு வந்துட்டா எங்கேருந்து வந்துச்சுன்னு பாக்கப்படாது.

பைலட் கேப்டன் தில்லான். பட்டாளத்துல இருந்து வந்த பஞ்சாபிக்காரர். மலையில காத்து ஒரே சீராவா அடிக்கும்? அம்பத்தெட்டுக்கு இறங்கினா தோள்ல தட்டுவேன். அறுபத்திரண்டுக்கு ஏறினாலும் தட்டுவேன். ஒரு நாள் "சாப், என் தோள்பட்டை வீங்கிப்போச்சு"ங்காரு. ஆபீஸ்ல எனக்கு வச்ச பேரே சாட் சாப். சாட்டுன்னா இந்தியில அறுபது. கிண்டல்னு சொல்லுதாங்க, எனக்கு அது பட்டம். முப்பத்தோரு வருச சர்வீஸ்ல ஒருத்தனுக்கு அவன் ஒழுங்கே பேரா வாய்க்கிறது லேசா? நீங்களே சொல்லுங்க.

அந்த ஒழுங்குக்குப் பலன் கெடைச்சுது. சீசன் முடிஞ்சு படத்தையெல்லாம் சுவத்துல ஒட்டிப் பாத்தா, முப்பத்துநாலாவது மீட்டர்ல கன்னங்கரேல்னு ஒரு கோடு. ஏழு பனியாத்துல பறந்தோம். ஏழுலயும் முப்பத்துநாலு. மேல மேடுன்னா அதுவும் மேடு, மேல பள்ளம்னா அதுவும் பள்ளம். நிழல் மாதிரி கூடவே வருது. மத்த அடுக்கெல்லாம் கோணலும் மாணலுமாப் போகுது, இது மட்டும் கோடு போட்ட நோட்டு. டைரக்டர் மூக்குக்கண்ணாடியக் கழட்டித் தொடச்சுத் தொடச்சுப் பாத்தார். "உலகத்துல எங்கயும் இப்படி ஒரு ஒழுங்கான அடுக்கு இல்லை"ன்னார். என்னிக்கோ ஒரு காலத்துல இமயமலை பூராவும் ஒரே கோடையில உருகி மறுபடி உறைஞ்சிருக்குன்னு கட்டுரை எழுதினார். அதுக்கு நீலமேகம் அடுக்குன்னு பேரு வைக்கச் சொன்னது யாருன்னு கேக்கிய? அடியேன்தான்.

மணிவிழா அன்னிக்கு மெஸ்காரன் கேக் செஞ்சான். வெள்ளை கேக்கு, நடுவுல ஒரே ஒரு கருப்பு ஜாம் அடுக்கு. டைரக்டர் வெட்டினார். ஆபீஸ் காலண்டர்ல பன்னெண்டு மாசத்துக்கும் அந்தப் படம். வாசல்ல வளைவு கட்டிப் பேரு எழுதினோம். அவருக்கு ரெண்டு வருசம் எக்ஸ்டென்ஷனும் வந்துச்சு.

அப்பம்தான் அந்தப் பொண்ணு வந்து சேருது. ஜெசிந்தா. தூத்துக்குடி. படிப்பெல்லாம் பெரிய படிப்புதான், இல்லங்கல. ஆனா பொறந்ததுல இருந்து பனிய ஃப்ரிட்ஜ்ல மட்டும் பாத்தவ. வந்த ரெண்டாம் வாரம் என் மேசைக்கு முன்னால வந்து நிக்கா.

"சார், ஒரே ஒரு தடவை தொண்ணூறு மீட்டர்ல பறக்கணும். பதினோரு நிமிசம் போதும்."

"என்னத்துக்கும்மா?"

"அந்த அடுக்கு நெசந்தானான்னு பாக்கணும் சார்."

காலண்டர்ல வந்த அடுக்கு தம்பி! கேக்கு வெட்டின அடுக்கு! நான் பொறுமையா, "அதுல என்னம்மா சந்தேகம்?"னு கேட்டேன். அவ ஒரு சலூன் கதை சொன்னா.

"சலூன்ல முன்னால ஒரு கண்ணாடி, பின்னால ஒரு கண்ணாடி இருக்கும்லா சார். நம்ம தலை ஒண்ணுதான், உள்ள ரெண்டாவது தலை ஒண்ணு தெரியும். அதுக்கு முடி வெட்ட முடியுமா? அது மாதிரிதான் இது. அலை பனியில பட்டு மேல வருது. நம்ம ஹெலிகாப்டர் வயித்துல பட்டு மறுபடி கீழ போகுது. திரும்பவும் பனியில பட்டு வருது. அந்த ரெண்டாவது சுத்து லேட்டா வாறதுனால ஆழத்துல என்னமோ இருக்குற மாதிரித் தெரியுது. காத்துல அறுபது மீட்டர் போற நேரத்துல அலை பனிக்கட்டிக்குள்ள முப்பத்துநாலுதான் போகும். நீங்க அறுபது மாறாமப் பறக்கீங்க, அது முப்பத்துநாலு மாறாம நிக்குது. உயரத்தை மாத்திப் பாப்போம் சார். நெச அடுக்குன்னா அசையாது. அசைஞ்சா அது நம்மதான்."

நம்மதானாம். கேட்டியளா? நான் ஒழுங்காப் பறந்தது தப்பாம். ஒழுங்கில்லாமப் பறந்திருந்தா உண்மை தெரிஞ்சிருக்குமாம். முப்பத்தோரு வருச சர்வீஸுக்கு சலூன் கதை.

ஆனா நான் மாட்டேன்னு சொல்லல. அதைக் கவனிக்கணும். "எழுதிக் கொடும்மா"ன்னேன். எழுதிக் கொடுத்தா. மேல அனுப்புறதுக்கு முன்ன நான் குறிப்பு எழுதினேன்: ஏழாவது கட்டத்தை மாத்தணும்னா தகுந்த ஆதாரம் வேணும். என்ன ஆதாரம்? உயரத்தை மாத்திப் பறந்து பாத்த முடிவு. அதைக் கொண்டாந்தா அனுமதி பரிசீலிக்கப்படும். இதுல ஒரு ஓட்டை கண்டுபிடிங்க பாப்போம்! டைரக்டர் படிச்சுட்டு, "பிரமாதம் ஆவுடையப்பன்"ன்னார். ஃபைல் மூணு தடவை போயிட்டு வந்துச்சு. அந்தப் பொண்ணு மூணு தடவையும் அந்தக் குறிப்பைப் படிச்சுட்டு ஃபைலை எடுத்துட்டுப் போயிட்டா.

டீ சாப்பிடுதியளா? ஏப்பா, ரெண்டு டீ. இந்த ரயில் டீ சவத்தைக் குடிக்கவும் முடியாது, குடிக்காம இருக்கவும் முடியாது. பிடிங்க, சூடு.

இதை ஆபீஸ்ல ஒருத்தன்கிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன, நீங்க தென்காசியில இறங்கிப் போயிருவிய.

அடுத்த சீசன் கடைசி நாள். நானும் தில்லானும் மட்டும். பனியாத்து வளைவுல திரும்பும்போது கீழேருந்து ஒரு காத்து வந்து வண்டிய அப்படியே தூக்கிட்டு. எம்பது, எம்பத்தஞ்சு. நான் தோள்ல தட்டுதேன், தட்டுதேன், அந்த மனுசன் பாறையில மோதாம இருக்கவே படாதபாடு படுதாரு. மூணு நிமிசம் எம்பத்தஞ்சுலயே ஓடிட்டு. நான் ஸ்கிரீனப் பாத்தேன்.

கோடு இறங்குது தம்பி. முப்பத்துநாலுல நின்ன கோடு பைய இறங்கி நாப்பத்தெட்டுல போய் நிக்குது. மத்த அடுக்கெல்லாம் இருந்த எடத்துலயே இருக்கு. பொறவு அறுபதுக்கு வந்தோம். கோடும் முப்பத்துநாலுக்கு ஏறிட்டு. பாத்தியளா, நாம ஒழுங்குக்குத் திரும்பினதும் அடுக்கும் ஒழுங்குக்குத் திரும்பிட்டு! அப்பிடித்தான் நான் நெனைச்சேன். வேற எப்பிடி நெனைக்க?

தில்லான் ஸ்கிரீனப் பாக்கல. பாத்தது நான் ஒருத்தன்தான். சாயங்காலம் உக்காந்து அந்த மூணு நிமிசத்தை அழிச்சேன். நீங்க அப்பிடிப் பாக்காதீங்க. விதி இருக்கு. உயரம் ரெண்டு மீட்டருக்கு மேல மாறினா அந்தப் பகுதியை நீக்கணும். தரக்கட்டுப்பாடு. புரொஃபார்மாவுக்குப் பின்பக்கம் அச்சடிச்சே இருக்கு.

அப்பமே விட்டிருந்தா ஒண்ணுமில்ல. டைரக்டருக்கு ஒரு ஆசை வந்துட்டு. தன் அடுக்கை ஒரு முழம் வெட்டி எடுத்துக் குளிர்ப்பெட்டியில வச்சு, கண்ணாடி வழியா வாற போற பெரிய மனுசங்களுக்குக் காட்டணும்னு. மேல போய்த் துளைபோட்டு எடுத்துட்டு வர நாலு பேரை அனுப்பினோம். தலைவன் ஸ்டான்சின். லடாக்குக்காரன். பதினெட்டு வருசமா எங்க கூட இருக்கான். எல்லாரும் சாட் சாப்ம்பாங்க, அவன் மட்டும் பேரைச் சொல்லி ஆவுடே சார்னு கூப்பிடுவான். மேல போனா எனக்குன்னு ஆப்ரிகாட் பழம் காயவச்சது ஒரு பொட்டலம் கொண்டாந்து தருவான். கேட்டதே இல்ல, அவனாக் கொண்டாருவான்.

ஒம்பதாவது நாள் காலையில சாட்டிலைட் ஃபோன்ல வந்தான். "ஆவுடே சார், முப்பத்துநாலு வந்தாச்சு. முப்பத்தாறும் பாத்தாச்சு. வெறும் வெள்ளைப் பனிக்கட்டி. மேற்க மேகம் கட்டுது. இறங்கட்டுமா?"

டைரக்டர் ஊர்ல இல்ல. முடிவு நான்தான் சொல்லணும். ஜெசிந்தா பக்கத்துல நிக்கா. "இறங்கச் சொல்லுங்க சார். இல்லாததை இன்னும் எவ்வளவு தோண்டுவாங்க?"ங்கா. எனக்கு அந்த நேரம் என்ன ஞாபகம் வந்துச்சு தெரியுமா? அந்த மூணு நிமிசம். ஒருவேளை அடுக்கு அங்கன இறங்கிக் கெடக்குமோன்னு ஒரு நெனைப்பு. வாயில வந்துட்டு. "நாப்பத்தெட்டு வரைக்கும் பாத்துட்டு இறங்கு ஸ்டான்சின்"ன்னேன்.

"சரி சார்"ன்னான். ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல. பதினெட்டு வருசமா நான் சொன்னதுக்கு ஏன்னு கேட்டவன் இல்ல.

ஃபோனை வச்சேன். அந்தப் பொண்ணு என்னையே பாக்கா. "நாப்பத்தெட்டா? ஏன் சார் நாப்பத்தெட்டு?" அவ கையில பேனா இருந்துச்சு, உள்ளங்கையிலயே கணக்குப் போட்டா. "எம்பத்தஞ்சு மீட்டர்"னா. "சார், நீங்க பாத்திருக்கீங்க. அது அசையிறதைப் பாத்திருக்கீங்க"ன்னா. பொறவு என் கையப் பிடிச்சா, என் மகள் வயசு. "இப்பமே திரும்பக் கூப்பிடுங்க சார், இறங்கச் சொல்லுங்க"ன்னு கெஞ்சுதா.

அடுத்த தொடர்பு நேரம் சாயங்காலம் நாலு மணி. நடுவுல கூப்பிட்டா எடுக்க மாட்டாங்க, பேட்டரி தாங்கணும்னு ஃபோனை அமத்தி வச்சிருப்பாங்க. விதிதான். அவ கூப்பிட்டுப் பாத்தா. ஒரு மணி நேரம் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. எடுக்கல. நாலு மணிக்கு நான் கூப்பிட்டேன். அப்பமும் எடுக்கல. அங்க மூணு நாள் பனிப்புயல்.

நாலு பேரும் உயிரோட இறங்கினாங்க, சாமி புண்ணியம். வெட்டி எடுத்த பனி வச்ச அத்தனை பெட்டியும் பத்திரமா வந்துச்சு, ஒரு துண்டு பனிக்கட்டி உருகல. டைரக்டர் ஃபோன்ல அதைத்தான் முதல்ல கேட்டார். ஸ்டான்சினுக்கு மட்டும் கால்ல குளிர் பிடிச்சுட்டு. வலது காலுல அஞ்சு விரலும், இடது காலுல ரெண்டும் எடுத்துட்டாங்க.

விசாரணை வச்சாங்க. மூணு பேரு கமிட்டி. ஜெசிந்தா, அந்த நாப்பத்தெட்டைப் பத்திக் கேளுங்கன்னு சொன்னா. அவங்க கேட்டாங்க. நான் பதிவேடு அத்தனையும் கொண்டுபோய் வச்சேன். எல்லாம் அறுபது. எங்கயும் எம்பத்தஞ்சு இல்ல, நாப்பத்தெட்டுன்னு நான் ஃபோன்ல சொன்னதுக்கும் எழுத்து இல்ல. நீக்கினது விதிப்படி நீக்கினது. ரிப்போர்ட்ல என்ன எழுதினாங்க தெரியுமா? "பறக்கும் பிரிவின் நடைமுறையில் பிழை ஏதுமில்லை." லேமினேட் பண்ணி வச்சிருக்கேன், பையில இருக்கு, பொறவு காட்டுதேன். ஸ்டான்சின் மேலதான் தப்புன்னு முடிச்சாங்க. மேகத்தைப் பாத்தும் இறங்காம தன்னிஷ்டத்துக்கு நின்னானாம். மலைக்கு இனிமே லாயக்கில்லன்னு பட்டியல்ல இருந்து பேரை எடுத்துட்டாங்க.

டைரக்டர் மாலையோட ரிட்டயர்டு ஆயிப் போயிட்டார். அதுக்கு அடுத்த சீசன் ஜெசிந்தா தொண்ணூறுல பறந்தா. கோடு நகந்துட்டு. காலண்டரை இறக்கினாங்க, வாசல் வளைவைச் சுண்ணாம்பு அடிச்சு மறைச்சாங்க. இப்பம் புரொஃபார்மாவுல ஏழாவது கட்டத்துல, உயரத்தை மாத்தி மாத்திப் பறக்கவும்னு அச்சடிச்சிருக்கு. ஒழுங்கே போச்சு.

என்னைய யாரும் ஒண்ணும் சொல்லல. அதுதான் என் வருத்தமே. பேசிட்டிருப்பாங்க, நான் உள்ள போனா எல்லாவனும் டம்ளரைத் தூக்கிட்டு எந்திரிப்பான். பிரிவு உபசாரம் பன்னெண்டு நிமிசத்துல முடிஞ்சுது. ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, நீ செஞ்சது சரிதாம்வேன்னு சொல்லல. பிழை இல்லன்னு கவர்மென்டே எழுதிக் கொடுத்திருக்கு, இவனுகளுக்கு என்ன?

நான் மனுசத்தன்மை இல்லாதவன் இல்ல தம்பி. ஸ்டான்சினுக்கு பூட்ஸ் வாங்கி அனுப்பினேன். நல்ல பனிமலை பூட்ஸ், உள்ள கம்பளி வச்சது. காலு அளவு யார்கிட்ட கேக்க? ஸ்டோர் ரிஜிஸ்டரைப் பாத்தேன், எட்டுன்னு இருந்துச்சு. ரிஜிஸ்டர்படி எட்டு அனுப்பினேன். ஒரு மாசத்துல திரும்பி வந்துட்டு. கூட ஒரு சீட்டு, அவன் மக பள்ளிக்கூடத்து எழுத்துல எழுதிருக்கு. "அப்பாவுக்கு இது இப்போ நிக்காது சார். யாருக்காவது கொடுத்துருங்க. அப்பா உங்க உடம்பைக் கேட்டார்."

வாட்ச்மேனுக்குக் கொடுத்தேன், அவனுக்கு ஒம்பது. டிரைவருக்கு எட்டுதான், யாருக்கு வாங்கினதுன்னு தெரிஞ்சதும் வேண்டாம்னுட்டான். ஒண்ணரை வருசமா என் ரூம்லதான் கெடந்துச்சு.

ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது ஜெசிந்தா வந்தா. கையில ஒரு வெள்ளைத்தாள். "சார், இனிமே உங்களை யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. அந்த மூணு நிமிசத்தையும், நாப்பத்தெட்டு நீங்க சொன்னதுதான்னும் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. தப்பு ஸ்டான்சின் மேல இல்லன்னு ஆயிரும். மறுபடி வேலைக்கு எடுத்துக்கிடுவாங்க, கீழ இருந்தே பாக்குற வேலை எவ்வளவோ இருக்கு"ன்னா. "பூட்ஸெல்லாம் வேண்டாம் சார், ஒரு வரி போதும்"னா.

எதுல எழுத? அந்தத் தாள்ல கட்டமே இல்ல.

ஆமா, அந்தப் பெட்டிதான். இருங்க, திறந்து காட்டுதேன். எப்பிடி இருக்கு? புத்தம்புதுசு. தொட்டுப் பாருங்க, கம்பளி எவ்வளவு மெத்துன்னு இருக்கு. அதுவா? அது அந்தத் தாள்தான். முன்பக்கம் அமுங்கிரக் கூடாதுல்லா, அதான் விரல் போற எடத்துல சுருட்டித் திணிச்சு வச்சிருக்கேன். உருவிப் போட்டுருதேன். நீங்க செருப்பைக் கழட்டும்போதே பாத்துட்டேன், உங்களுக்கு எட்டுதான். தென்காசியில எங்க பனிங்கியளா? குற்றாலச் சாரலுக்குப் போட்டுக்கிட வேண்டியதுதான். வேண்டாமா?

சரி, வச்சுக்கிட வேண்டாம். சும்மா ஒரு தடவை காலை உள்ள விட்டுப் பாருங்க தம்பி. சரியா இருக்குன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்க. போதும்.